டிரெய்லருக்கு எஞ்சின் இல்லை, அதனால் பாடத்திலும் இடமில்லையா?

டீசல் லாரி, டிரெய்லர் மெக்கானிக் பயிற்சியின் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

அடுத்த சேர்க்கையிலிருந்து டிரெய்லர் பிரிவு விருப்பப் பாடமாகிறது. பட்டறைப் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி கணினித் திரைக்கு மாறுகிறது. இறுதிச் செய்முறைத் தேர்வு எடுக்கப்பட்டு, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாள் வருகிறது. உங்கள் சுற்றறிக்கையில் இருக்கும் மாற்றங்கள் இவை. கருத்து இருந்தால் தெரிவிக்கலாம் என்று கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்குக் கருத்து இருக்கிறது. தனிக் கடிதமாக அனுப்பினால் கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும் என்பதால், பயிற்சியில் சேரப்போகிறவர்களும் அவர்களை வேலைக்கு எடுக்கிறவர்களும் படிக்கும்படி வெளிப்படையாக எழுதுகிறேன்.

கனரக வாகனப் பட்டறை ஒன்றில் நான் தலைமை மெக்கானிக். உங்கள் சான்றிதழோடு வருகிற பிள்ளைகளை முதல் நாளில் கையில் வாங்கிக்கொள்கிறவன். அவர்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை நீங்கள் மதிப்பெண் பட்டியலில் பார்க்கிறீர்கள். நான் வண்டிக்கு அடியில் பார்க்கிறேன். இரண்டுக்கும் இடையே ஏற்கெனவே பெரிய தூரம் இருக்கிறது. இந்த மாற்றங்கள் அதை இன்னும் நீட்டப்போகின்றன.

டிரெய்லர் பிரிவைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்ததற்கு நீங்கள் சொல்லும் காரணம், அதில் எஞ்சின் இல்லை, இயங்கும் பாகங்கள் குறைவு, தனியாகக் கற்பிக்கும் அளவுக்குத் தொழில்நுட்பம் இல்லை என்பது. இந்த வாக்கியத்தை எழுதியவர் சரக்கேற்றிய டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்தவராக இருக்க முடியாது. ஐரோப்பியச் சாலைகளில் 40 டன் எடையில் ஓடும் இணைப்பு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் மூன்று அச்சுகள் மட்டும் 24 டன் வரை தாங்குகின்றன. பாதிக்கு மேற்பட்ட எடை நிற்கும் சக்கரங்களையும், அந்த எடையை நிறுத்த வேண்டிய பிரேக்குகளையும்தான் விருப்பம் இருந்தால் படிக்கலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்.

லாரியிலாவது கேட்பார் உண்டு. டிரைவர் முன்னால் கேஜ் இருக்கிறது, எச்சரிக்கை விளக்கு இருக்கிறது, எஞ்சின் சத்தம் மாறினால் அவர் காதுக்கு உடனே தெரிந்துவிடும். டிரெய்லர் அப்படி இல்லை. இன்று ஒரு லாரி இழுக்கும், நாளை வேறொன்று இழுக்கும். நடுவில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். டிரைவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்று ஒருவர் கவனித்தாலும் அடுத்தவருக்கு அது போய்ச் சேருவதில்லை. எங்கள் பட்டறைக்கு வரும் லாரிகளுக்குச் சேவைப் பதிவேடு பெரும்பாலும் இருக்கும். டிரெய்லருக்கு என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நாதியற்ற அந்தப் பாதி வண்டியைத் தேடிப்பிடித்துப் பார்க்கக் கடமைப்பட்டவன் மெக்கானிக் ஒருவன்தான். அவனுக்கும் அது பாடத்தில் இல்லை என்றால் வேறு யார் பார்ப்பது?

பிரேக்கிலிருந்தே தொடங்குகிறேன். பிரேக் பிடிக்கும்போது காற்று நிறையும் கிண்ணம்தான் பிரேக் சேம்பர். 30 என்று குறியிட்ட சேம்பருக்குள் இருக்கும் டயாஃபிரம் என்ற ரப்பர் சவ்வு 30 சதுர அங்குலப் பரப்பு கொண்டது. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் காற்று உள்ளே போனால், பிரேக்கை இயக்கும் தள்ளுதண்டில் 3,000 பவுண்டு விசை பிறக்கிறது. கிலோவில் சொன்னால் 1,300-க்கும் மேல். ஆனால் சாதாரண ஓட்டம் கொண்ட இந்தச் சேம்பரில் தண்டு நகரக்கூடிய மொத்தத் தூரமே இரண்டரை அங்குலம். முழு பிரேக் பிடிக்கும்போது அது 2 அங்குலத்தைத் தாண்டினால் வண்டியை வெளியே விடக் கூடாது. மிச்சம் இருப்பது அரை அங்குலம். நீண்ட இறக்கத்தில், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி விரியும்போது அந்த அரை அங்குலத்தையும் விழுங்கிவிடும். தண்டு தன் எல்லையில் முட்டி நின்றுவிடும்; உராய்ந்து நிறுத்த வேண்டிய லைனிங் பட்டை டிரம்மை அழுத்தாது. கேஜில் காற்று நிறைய இருக்கும், டிரைவர் மிதியைத் தரையோடு அழுத்திக்கொண்டிருப்பார், வண்டி போய்க்கொண்டே இருக்கும். நிறுத்தத்தில் நிற்கும்போது இதே பிரேக் நன்றாகத்தான் பிடித்திருக்கும் என்பது இதில் இருக்கும் கொடுமை.

இந்த அளவை எடுக்க இரண்டு பேர், ஒரு சாக்பீஸ், ஓர் அளவுகோல் போதும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காற்று போனால் வில்லின் விசையில் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் பிரேக்கை விடுவித்து, காற்றழுத்தம் 90-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் மிதியை முழுதாக அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் தண்டு எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். உங்கள் சான்றிதழோடு வந்தவர்களில் இதைச் செய்து காட்டியவர்கள் மிகச் சிலர். ‘படித்திருக்கிறோம் சார்’ என்பார்கள். கட்டை எங்கே என்று கேட்டால் தேடுவார்கள்.

அண்மையில் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரன், சுறுசுறுப்பானவன். ஒரு டிரெய்லரில் தண்டின் ஓட்டம் கூடுதலாக இருப்பதைத் தானே கண்டுபிடித்தான். ஸ்பானரை எடுத்து, தண்டின் ஓட்டத்தைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருகி அளவைச் சரியாக்கினான், படிவத்தில் கையெழுத்தும் போட்டான். சில நாளில் அதே சக்கரம் பழைய நிலைக்கே வந்து நின்றது. அது தானியங்கி அட்ஜஸ்டர். ஓட்டம் கூடும்போது தன்னைத்தானே சரிசெய்துகொள்ள வேண்டிய பாகம் அது. அப்படிச் செய்யவில்லை என்றால் அட்ஜஸ்டர் கெட்டிருக்கிறது, அல்லது அதைச் சுற்றி ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள். கையால் திருகினால் நோய் மறைகிறது, போகவில்லை. கழற்றிப் பார்த்தபோது, லைனிங்கை டிரம்மை நோக்கி விரிக்கும் எஸ்-கேம் தண்டின் புஷ் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பையன் மீது எனக்குக் கோபமே இல்லை. அவனுடைய பாடநூலில் தானியங்கி அட்ஜஸ்டருக்கு இரண்டு வரி, கூடவே மங்கலான ஒரு படம். இந்த இரண்டு வரியைத்தான் இப்போது விருப்பப் பாடத்துக்குத் தள்ளியிருக்கிறீர்கள்.

இது ஏதோ என் பட்டறையின் தனிக்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2003-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் க்ளென் ராக் என்ற ஊரில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று விபத்துக்குள்ளானது. அதை விசாரித்த அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தானியங்கி அட்ஜஸ்டரைக் கையால் திருகிச் சரிசெய்யும் பழக்கத்தின் ஆபத்தை விரிவாகவே பேசியது. அந்த அறிக்கையைப் பாடமாக வைத்தால் ஒரு வகுப்பு நேரம் போதும். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை எந்த ஆண்டு இயக்கிக் காட்டினார் என்ற கேள்வி மாதிரி வினாத்தாளில் இருக்கிறது. 1897, ஆக்ஸ்பர்க். எனக்குத் தெரியும். இதுவரை எந்த வண்டியும் அதை என்னிடம் கேட்டதில்லை.

வரலாறு வேண்டும் என்றால் பயன்படுகிற வரலாற்றைக் கற்பியுங்கள். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்கு ஏர் பிரேக் செய்து 1869-இல் காப்புரிமை வாங்கினார். காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும் என்பது அதன் ஏற்பாடு. பெட்டி கழன்றாலோ குழாய் அறுந்தாலோ காற்று போய்விடும், பிரேக்கும் போய்விடும். சில ஆண்டுகளில் அவரே அதைத் தலைகீழாக்கினார்: குழாயில் காற்று குறைந்தால் பிரேக் பிடிக்க வேண்டும். இன்று டிரெய்லருக்குப் போகும் இரண்டு குழாய்களில், அதன் தொட்டியை நிரப்பும் குழாயைப் பிடுங்கினால் சக்கரங்கள் ஏன் இறுகுகின்றன என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பையன் இரண்டு குழாய்களையும் ஒருநாளும் மாற்றி மாட்ட மாட்டான். மாற்றி மாட்டினால் ஸ்பிரிங் பிரேக் உள்ள டிரெய்லர் நகராது, அதோடு தொல்லை முடிந்துவிடும். ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய டிரெய்லராக இருந்து, அதன் தொட்டியிலும் காற்று தீர்ந்திருந்தால், வண்டி தாராளமாக நகரும். டிரெய்லரில் பிரேக் மட்டும் இருக்காது.

அந்த ஸ்பிரிங் பிரேக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதற்குள் அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும் சுருள்வில்லின் விசை பல நூறு கிலோ. அதைப் பூட்டுவதற்கென்றே இருக்கும் போல்ட்டைப் போட்டு இறுக்காமல், துருப்பிடித்த வளையத்தைக் கழற்ற முயன்றவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். வேலையில் சேர்ந்து சில நாளே ஆன ஒருவர் அந்த வளையத்தில் ஸ்பானரை வைத்ததைப் பார்த்து நான் கத்தியிருக்கிறேன். அவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரிடம் முதல் வகுப்புச் சான்றிதழ் இருந்தது.

மின்கம்பிக்கு வருகிறேன். டிரெய்லர் விளக்கு எரியவில்லை என்ற புகார் எங்கள் பட்டறையில் தினசரி வரவு. வருகிற புதியவர் சோதனை விளக்கின் ஊசியைக் கம்பியின் மேலுறையில் குத்திப் பார்ப்பார். மின்சாரம் வருகிறது என்பார். விளக்கை மாற்றுவார். எரியாது. மல்டிமீட்டரை வைத்தால் வோல்ட் முழுதாகக் காட்டும், மறுபடியும் குழம்புவார். இருபது இழையில் பத்தொன்பது பச்சைப் பூத்து அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். ஏனென்றால் மீட்டர் கேட்பது துளி மின்னோட்டம். விளக்கு கேட்பதை அந்த ஒற்றை இழையால் தர முடியாது. விளக்கைச் சுமையாக இணைத்து, மின்னோட்டம் ஓடும்போதே கம்பியின் இரு முனைகளுக்கு நடுவில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். இது பத்து நிமிடத்தில் கற்றுத்தரக்கூடிய விஷயம். கற்றுக்கொள்ளாதவர் ஒரு நாளைத் தொலைப்பார், உரிமையாளரின் பணத்தில் நல்ல விளக்குகளை மாற்றுவார். இதற்கு நடுவில் அவர் ஊசி குத்திய துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். செம்பு இழைகளின் வழியே ஊறிப் போய், குத்திய இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி அடுத்த பழுதை அது உண்டாக்கும். இன்று விளக்கு எரியாததற்குக் காரணம் சென்ற மழைக்காலத்தில் யாரோ குத்திய ஊசி என்பதை எத்தனை முறை பார்த்துவிட்டேன்!

இதே கதைதான் ஸ்கேனரிலும். கணினியில் பழுதுக் குறியீடு படிக்கும் திறமைக்கு உங்கள் புதிய பாடத்திட்டம் நிறைய இடம் ஒதுக்குகிறது. வரவேற்கிறேன், அது இல்லாமல் இன்று எந்த லாரியையும் தொட முடியாது. ஆனால் குறியீடு சொல்வது எங்கே வலிக்கிறது என்பதை மட்டும்தான். ஒரு முறை ஒரு லாரியில் எஞ்சின், கியர், பிரேக் என்று எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசவில்லை என்று குறியீடுகள் வரிசையாக வந்தன. முன்பு பார்த்த இடத்தில் விலை கூடிய பெட்டி ஒன்றை மாற்றியிருந்தார்கள். இந்தப் பெட்டிகளை இணைக்கும் ஜே1939 என்ற தொடர்புக் கம்பியின் இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் அளந்தால், இரண்டு மின்தடையும் இணையாக இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். அங்கே 120 காட்டியது. ஒரு கோடியில் இணைப்பு கழன்றிருந்தது, அவ்வளவுதான். திரையை மட்டும் பார்க்கப் பழகியவர் பெட்டியை மாற்றுவார். மீட்டரைப் பிடிக்கப் பழகியவர் இணைப்பைச் சொருகுவார். இதில் நீங்கள் எவரை உருவாக்கப்போகிறீர்கள் என்பதே என் கேள்வி.

பழுதைத் திரையில் பாவனையாகக் காட்டிக் கற்பிக்கும் கணினிப் பயிற்சிக்கு நான் எதிரி இல்லை. உடைத்துவிடுவோமோ என்ற அச்சம் இல்லாமல் ஒரு பழுதைப் பத்து விதமாகத் தேடிப்பார்க்க அது நல்ல வழி. பட்டறையில் அந்தச் சுதந்திரத்தை நாங்கள் தர முடியாது. ஆனால் சக்கர பேரிங்கின் ஆட்டம் 0.025 முதல் 0.127 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதைத் திரையில் படிப்பது வேறு. அளவுமானியைப் பொருத்தி, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பை இழுத்தும் தள்ளியும் அந்த ஆட்டத்தைக் கையில் உணர்வது வேறு. முறுக்கு ஸ்பானரில் 650 நியூட்டன் மீட்டர் வைக்கும்போது உடல் எப்படி நிற்க வேண்டும் என்பதைச் சுட்டிக் கருவியால் சொல்லித்தர முடியாது. சக்கரத்தை மாற்றிய பின் 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று வண்டிக்காரரிடம் சொல்லி, ஏன் என்று அவர் கேட்டால் விளக்கவும் தெரிய வேண்டும். கிங்பின்னும் அப்படித்தான். 50.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றை இரும்பு முளைதான் மொத்த டிரெய்லரையும் பிடித்திருக்கிறது. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டால் அது தூக்கிப் போட வேண்டிய பாகம். கிரீஸைத் துடைத்துவிட்டு அளவியை வைத்தால்தான் அது தெரியும். கிரீஸைத் துடைக்கும் வேலை எந்தத் திரையிலும் வருவதில்லை.

இறுதித் தேர்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நீச்சல் தெரியுமா என்பதைத் தாளில் சோதிப்பது போன்றது அது. செய்முறைத் தேர்வுக்குச் செலவு கூடுதல், தேர்வாளர்கள் கிடைப்பதில்லை என்று காரணம் சொல்கிறீர்கள். தேர்வாளர்கள் கிடைக்காததற்குக் காரணம், ஒரு முழுநாள் வேலைக்கு நீங்கள் தரும் மதிப்பூதியம் போகவர ஆகும் செலவுக்கே போதாது என்பது. என்னையும் அழைத்திருக்கிறீர்கள், போயிருக்கிறேன், ஆகவே தெரிந்துதான் சொல்கிறேன்.

உங்கள் சுற்றறிக்கை தொடவே தொடாத ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் டிரெய்லரைவிடவும் பெரிய புண் அது. பணியிடப் பயிற்சிப் பதிவேடு. மாணவர் ஒரு பட்டறையில் சேர்ந்து, கற்ற ஒவ்வொரு வேலைக்கும் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஏட்டில் நல்ல ஏற்பாடு. நடப்பது என்ன? மாணவர் கிரீஸ் அடிப்பார், தரையைக் கூட்டுவார், டயர் உருட்டுவார், உதிரிபாகம் வாங்கக் கடைக்கு ஓடுவார். ஆண்டு முடியும்போது பதிவேடு முழுவதையும் ஒரே உட்காரலில் நிரப்பிக் கையெழுத்திட்டுத் தருவார்கள். என்னிடம் வந்த பதிவேடுகள் சிலவற்றில் ஓராண்டு வேலை முழுவதும் ஒரே பேனா மையில், ஒரே சாய்வில் இருக்கிறது. ‘கிளட்ச் மாற்றியது’ என்று எழுதியிருக்கும். கிளட்ச் தகட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பாய் என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். கூலி இல்லாத ஆள் கிடைக்கிறான் என்பதற்காக மாணவர்களை வாங்கிக்கொள்ளும் பட்டறைகள் எவை என்று எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஆய்வுக்கு யாரும் வருவதில்லை. வந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறார்கள்.

அப்படிக் கூலியில்லாத ஆளாக நிற்கும் பிள்ளைகள்தான் ஆபத்துக்கு மிக அருகில் நிற்கிறார்கள். 7, 8 பார் அழுத்தத்துக்குக் காற்றடிக்கும் டயரை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளக் குழாயின் மறுமுனையில் விலகி நிற்க வேண்டும். பல இடங்களில் கூண்டு ஒரு மூலையில் பழைய டயர்களை அடுக்கி வைக்கப் பயன்படுகிறது. எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் எஞ்சினில் எரிபொருள் அழுத்தம் 2,000 பாரைத் தொடும். கசிவைத் தேடி விரலால் தடவினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும். அதற்கு உடனே அறுவை மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று தெரியாமல், கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். தனியாக நிற்கும் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் லேண்டிங் காலை மட்டும் நம்பி, முட்டு கொடுக்காமல் டிரெய்லரின் மூக்குக்கு அடியில் நுழைகிறார்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு வேலை செய்கிறார்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. உங்கள் பாதுகாப்புப் பாடம் இன்னும் தலைக்கவசம், கையுறை, தீயணைப்பான் ஆகிய மூன்று படங்களோடு முடிகிறது.

எதிர்காலம் மின்சார லாரிகளுக்கானது, பழைய பகுதிகளைக் குறைத்தால்தான் புதியவற்றுக்கு இடம் கிடைக்கும் என்று உங்கள் உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். மின்சார லாரி வரட்டும், நானும் கற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கிறேன். ஆனால் அந்த லாரி எதை இழுக்கப்போகிறது? இதே டிரெய்லரைத்தான். அதே கிங்பின், அதே காற்றுக் குழாய், அதே ஹப், அதே பேரிங். எஞ்சின் மாறினாலும் மாறாமல் நிற்கப்போகிற பாதியை எடுத்துவிட்டு, நாளை மாறப்போகிற பாதியைக் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். எதிர்காலத்தை நினைத்துச் செய்த திருத்தம் என்றால் இது நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இனி நான் கேட்பவை.

டிரெய்லர் பிரிவைக் கட்டாயப் பாடமாகவே வைத்திருங்கள். ஏர் பிரேக், ஸ்பிரிங் பிரேக், கிங்பின் இணைப்பு, சக்கர ஹப், டிரெய்லர் மின்கம்பி ஆகிய ஐந்தும் அதில் தனித்தனியாக இடம்பெற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பட்டறை நேரம் இருக்க வேண்டும். நேரம் போதவில்லை என்றால் எஞ்சின் வரலாற்றில் குறைத்துக்கொள்ளுங்கள்.

திரைப் பயிற்சியைப் பட்டறை நேரத்தோடு சேர்த்துக் கொடுங்கள். பட்டறை நேரத்திலிருந்து வெட்டிக் கொடுக்காதீர்கள். திரையில் கண்டுபிடித்த பழுதை அதே வாரத்தில் உண்மையான வண்டியில் கண்டுபிடித்தாக வேண்டும் என்று விதி வையுங்கள்.

செய்முறைத் தேர்வு திரும்ப வர வேண்டும். குறைந்தது இந்த மூன்றையாவது மாணவர் தேர்வாளர் முன்னால் தன் கையால் செய்ய வேண்டும்: பிரேக் தண்டின் ஓட்டத்தை அளப்பது, சுமையோடு வோல்ட் இழப்பைப் பார்ப்பது, ஹப்பைக் கழற்றி பேரிங் ஆட்டத்தைச் சரியாக வைத்துப் பூட்டுவது. பாதுகாப்பு விதியை மீறினால் மற்ற மதிப்பெண்களைக் கூட்டிப் பார்க்காமல் அந்தத் தேர்வில் தோல்வி என்று அறிவிக்க வேண்டும். தேர்வாளருக்கு ஒரு நாள் வேலைக்கான நியாயமான ஊதியத்தைக் கொடுங்கள். ஆள் தானாகக் கிடைக்கும்.

பணியிடப் பயிற்சி தரும் பட்டறைகளை முன்னறிவிப்பு இல்லாமல் பாருங்கள். பதிவேட்டில் ஒவ்வொரு வேலையும் செய்த அன்றே, வண்டியின் வேலை அட்டை எண்ணோடு பதியப்பட வேண்டும். ஆண்டு முடிவில் மொத்தமாக நிரப்பிய பதிவேட்டை ஏற்காதீர்கள். டயர்க் கூண்டும், முட்டு ஸ்டாண்டும், புகை வெளியேற்றும் குழாயும் இல்லாத பட்டறைக்கு மாணவரை அனுப்பாதீர்கள். பயிற்சிக் காலத்தில் மாணவருக்கு உதவித்தொகை தரும் பட்டறைகளுக்கு முதலிடம் கொடுங்கள். அடிப்படைக் கருவிப் பெட்டியை மாணவரே சொந்தக் காசில் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கிவிடுங்கள். அந்த ஒரு நிபந்தனையால் படிப்பைப் பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் இன்று என்னிடம் உதவியாளர்களாக இருக்கிறார்கள், சான்றிதழ் பெற்ற பலரைவிட நன்றாக வேலை செய்கிறார்கள்.

உங்கள் குழுவில் இப்போது வேலையில் இருக்கும் மெக்கானிக் ஒருவர்கூட இல்லை. பட்டறையில் கை வைத்து வேலை செய்கிற இருவரையாவது, வாக்குரிமையோடு, அடுத்த கூட்டத்துக்கு முன் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் பெயரைப் பரிந்துரைக்கவில்லை. என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் சொல்கிறேன்.

புதிய சேர்க்கை தொடங்குவதற்கு முன் இவை ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறோம், ஏற்கவில்லை என்ற பதிலைக் காரணத்தோடு பொதுவில் வெளியிடுங்கள். பயிற்சிக்கு டிரெய்லர் இல்லை என்பது தடையாக இருந்தால், ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒன்று எங்கள் முற்றத்தில் நிற்கிறது. அதை இலவசமாகத் தர எங்கள் உரிமையாளர் சம்மதித்துவிட்டார். எடுத்துப்போக லாரி மட்டும் அனுப்புங்கள். பிரேக்கை நாங்கள் சரிபார்த்தே தருகிறோம்.

இப்படிக்கு,
கனரக வாகனப் பட்டறை ஒன்றின் தலைமை மெக்கானிக்